பழைய மாஸிக்கு டர்போ வேண்டுமா?

கேள்வி:

சிவாஜிநகரில் தையற்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பூர்வீக நிலம் மாலூர் பக்கத்தில் ஆறு ஏக்கர். ராகியும் தக்காளியும் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் போய் நானே உழுவேன். தாத்தா 1983-ல் வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டர் இன்னும் ஓடுகிறது. ஆனால் முன்புபோல் இழுவை இல்லை. ஒன்பது கொத்துக் கலப்பை மாட்டினால் முனகுகிறது. போன வருஷம் வாங்கிய ரோட்டாவேட்டரை ஈரமண்ணில் இறக்கினால் எஞ்சின் அமுங்கி நின்றே போகிறது. தஞ்சாவூரில் என் மாமாவிடம் இதே மாடல் இருக்கிறது. அதுவும் கிழட்டு வண்டிதான், ஆனால் நன்றாக இழுக்கிறது. இங்கே குஜ்ரியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், கார் டர்போ ஒன்றைப் பொருத்தி, பம்பில் ஸ்க்ரூவை ஒரு சுற்று ஏற்றிவிட்டால் 50 ஹெச்.பி. வரும் என்கிறார். போடலாமா? வண்டியை விற்க மனம் வரவில்லை.

ஒரு வாசகர், சிவாஜிநகர், பெங்களூரு

பதில்:

பாய் சொல்வது பைத்தியக்காரத்தனம் இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் எனக்கு யாரும் டீ வாங்கித் தரமாட்டார்கள். கணக்கு இதுதான்: 1.3 லிட்டர் டீசல் கார் எஞ்சின் 4000 சுற்றில் ஓடினால், டர்போ இல்லாமலேயே நிமிஷத்துக்குச் சுமார் 2600 லிட்டர் காற்றை உறிஞ்சும். உங்கள் மாஸியின் மூன்று சிலிண்டர் எஞ்சின் ஏறக்குறைய 2.4 லிட்டர். அது 2000 சுற்றில் 2400 லிட்டர் உறிஞ்சும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சின்னக் காரின் டர்போ பெரிய டிராக்டருக்கு அளவில் பொருந்திவிடுகிறது. குஜ்ரிக்காரர்கள் காகிதத்தில் கணக்குப் போடுவதில்லை, கையில் எடுத்து எடை பார்த்தே சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஆனாலும் போடாதீர்கள். ஏன் என்பதையும், அதற்குப் பதிலாக என்ன செய்வது என்பதையும் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் கோடு போட்டு வைத்துக்கொண்ட வரி, ‘முன்புபோல் இழுவை இல்லை’ என்பது. அப்படியானால் முன்பு இழுத்திருக்கிறது. தாத்தா வாங்கியபோது 35 குதிரை இருந்த வண்டி அது. நாற்பது வருஷத்தில் கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி இன்று இருபத்தைந்தோ இருபத்தெட்டோ மிச்சமிருக்கலாம். போன குதிரைகள் எங்கே போயின என்று தேடாமல் வெளியிலிருந்து பதினைந்து குதிரைகளை வாங்கி மாட்டினால், அவையும் அதே ஓட்டை வழியாகத்தான் போகும். வழியில் எதையாவது உடைத்துவிட்டும் போகும்.

மாமா வண்டி விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். தஞ்சாவூர் கடல் மட்டத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். மாலூரோ ஏறக்குறைய 900 மீட்டர் மேட்டில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி எட்டு, ஒன்பது சதவீதம் குறைவு. நம் பக்கத்துக் குளுமையால் திரும்பக் கிடைப்பதையும் சேர்த்த கணக்கு இது. டர்போ இல்லாத எஞ்சின் தன் மூச்சைத் தானேதான் இழுத்துக்கொள்ள வேண்டும். காற்று மெலிந்தால் மூச்சும் மெலியும். ஆனால் டீசல் பம்ப்புக்கு இது தெரியாது. தஞ்சாவூரில் ஒரு அடிக்கு எவ்வளவு டீசல் தள்ளுகிறதோ, மாலூரிலும் அதே அளவைத் தள்ளும். டீசல் அதே, காற்று குறைவு. எரியாத மிச்சம் கரும்புகையாகப் போகிறது. ஆக, இரண்டு வண்டியும் புத்தம் புதிதாக இருந்தாலும் மாமா வண்டி ஒரு பிடி அதிகம்தான் இழுக்கும். இதில் உங்கள் வண்டிக்கு அவமானம் ஏதும் இல்லை.

பம்ப் ஸ்க்ரூவை ஏற்றும் யோசனை நம் பீடபூமியில் ஏன் இரட்டைத் தவறு என்பதும் இதிலேயே தெரிந்துவிடுகிறது. காற்று குறைந்த இடத்தில் டீசலைக் கூட்டுவது, ஏற்கெனவே திணறுகிறவன் வாயில் இன்னொரு உருண்டையைத் திணிப்பது போல. டீசலை எரிக்க, எடைக்கு எடை, பதினாலரை மடங்கு காற்றாவது வேண்டும். அது கணக்கு. நிஜத்தில் சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் ஒழுங்காகக் கலப்பதில்லை. ஆகவே பதினெட்டு, இருபது மடங்குக்குக் கீழே போனாலே குழாய் கறுக்க ஆரம்பிக்கும். அதற்கு மேல் ஊற்றுகிற டீசலில் கொஞ்சம் திறன் வரும், மறுக்கவில்லை. ஆனால் மீதி எல்லாம் சூடாக மாறி பிஸ்டன் தலையிலும் எக்ஸாஸ்ட் வால்விலும் உட்காரும். நான் தொழில் பழகிய பட்டறையில் இப்படி ஸ்க்ரூ ஏற்றி அனுப்பிய ஒரு வண்டி, ஒரு வாரம் சிங்கமாக ஓடியது. மூன்றாவது வாரம் இன்னொரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. ஹெட்டைத் திறந்தால் நடுப் பிஸ்டனில் விரல் போகிற அளவுக்கு ஓட்டை. முதலாளி யாரிடமும் பேசவில்லை. அன்றைக்கு எனக்குக் கூலியும் கிடைக்கவில்லை.

சரி, தேடலாம். ஒரு எளிய அளவுகோலில் ஆரம்பியுங்கள். நல்ல நிலையிலுள்ள டீசல் எஞ்சின் ஒரு குதிரைக்கு மணிக்கு 180, 190 கிராம் டீசல் எரிக்கும். 35 குதிரையும் முழுப் பாரத்தில் வேலை செய்தால் மணிக்கு எட்டு லிட்டர் அளவில் போக வேண்டும். டேங்கை விளிம்பு வரை நிரப்பி, வண்டி முனகுகிற அதே வேலையில் ஒரு மணி நேரம் ஓட்டி, மறுபடி விளிம்பு வரை அளந்து ஊற்றுங்கள். ஐந்து லிட்டர்தான் பிடித்தது, புகையும் இல்லை, வண்டியும் இழுக்கவில்லை என்றால் எஞ்சினுக்குச் சாப்பாடு போகவில்லை. எட்டோ ஒன்பதோ பிடித்தது, கரும்புகை கக்குகிறது, இழுவையும் இல்லை என்றால் சாப்பாடு செரிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. பல மெக்கானிக்குகள் இதைப் பிரித்துப் பார்க்காமலே எஞ்சினை இறக்கிவிடுகிறார்கள்.

சாப்பாடு போகவில்லை என்றால் மலிவான இடத்திலிருந்து தொடங்குங்கள். டேங்க் மூடியில் ஒரு சின்னக் காற்றுத் துளை இருக்கும். நாற்பது வருஷத்து அழுக்கில் அது அடைத்துக்கொண்டால், ஓட ஓட டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வர மறுக்கும். மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துபோகும், செலவு பூஜ்யம். அடுத்தது டேங்கின் அடித்துரு, குழாய்கள், ஃபீட் பம்ப்பின் ஜல்லடை, இரண்டு ஃபில்டர்கள். ஃபில்டரைப் பெட்ரோலில் அலசி மறுபடி போடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. பேப்பர் ஃபில்டரை அலசக்கூடாது, மாற்ற வேண்டும்.

பிறகுதான் பம்ப். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சரியான ஊரில் இருக்கிறீர்கள். டீசல் பம்ப்பும் நாசிலும் செய்வதற்கென்றே 1951-ல் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது மைக்கோ, ஆடுகோடியில் வளர்ந்தது. 2008-ல் அதன் பெயர் பாஷ் லிமிடெட் என்று மாறியது. பெயர் மாறினாலும் பம்ப்காரர்கள் வாயில் இன்றும் மைக்கோதான். அந்தத் தொழிற்சாலையின் நிழலில் இரண்டு மூன்று தலைமுறை பம்ப்காரர்கள் இந்த ஊரில் வளர்ந்திருக்கிறார்கள். டெஸ்ட் பெஞ்ச் வைத்திருக்கும் கடைக்குப் பம்ப்பைக் கழற்றிக் கொண்டுபோங்கள். அவர் பம்ப்பை மோட்டாரில் சுழற்றி, மூன்று சிலிண்டருக்கும் போகும் டீசலைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்துக் காட்டுவார். மூன்றும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். ஒன்று தாழ்ந்திருந்தால் மற்ற இரண்டும் அதையும் சேர்த்துச் சுமக்கின்றன என்று அர்த்தம். ‘கம்பெனி அளவுக்கு வையுங்கள்’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘கொஞ்சம் ஏத்தி வையுங்க அண்ணே’ என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள், அவர்கள் சந்தோஷமாக ஏற்றிவிடுவார்கள். எங்கள் மேட்டில் ஓடுகிற வண்டி என்று சொன்னால், விவரம் தெரிந்தவர் ஒரு நூல் குறைத்தே வைப்பார். அவரை நம்பலாம்.

நாசில்களையும் அதே கடையில் சோதியுங்கள். கைப்பம்ப்பில் அழுத்தும்போது நல்ல நாசில் ‘கர்ர்’ என்று ஒரு சத்தத்தோடு பனிமூட்டமாகத் தெளிக்கும். கெட்ட நாசில் குழந்தை மூக்கு ஒழுகுவது மாதிரி சொட்டும். சொட்டும் டீசல் எரியாது, கரியாகும். பம்ப்பைத் திரும்ப மாட்டும்போது டைமிங் குறிகளைப் பார்த்து மாட்ட வேண்டும். தாமதமாக மாட்டினால் எஞ்சின் சோம்பும், குழாய் கொதிக்கும். முந்தி மாட்டினால் சுத்தியலால் அடிப்பது மாதிரி தட்டும். குறி கொஞ்சம் தவறினாலே சில குதிரைகள் போய்விடும்.

இனி செரிமானம். நம் செம்மண் புழுதியில் வண்டியின் உயிர் அந்த ஆயில் பாத் ஏர் கிளீனரில்தான் இருக்கிறது. ராகிக் கதிரடிக்கும் நாட்களில் தினமும் அதன் கிண்ணத்தைத் திறந்து பாருங்கள். எண்ணெய் அடியில் சேறு படிந்திருந்தால் கொட்டிவிட்டுக் குறி வரை புது எண்ணெய் ஊற்றுங்கள். குறிக்கு மேல் ஊற்றாதீர்கள், எஞ்சின் அதையும் சேர்த்து உறிஞ்சும். கிளீனரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் மேலே நீங்கள் செய்த பூஜை எல்லாம் வீண். புழுதி குறுக்கு வழியில் உள்ளே போய் லைனரை அரைத்துக்கொண்டிருக்கும். சைலன்ஸர் உள்ளே துருப்பிடித்து அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். என் கையாலேயே ஒன்றிலிருந்து குருவிக்கூட்டை எடுத்திருக்கிறேன்.

டேப்பட் இடைவெளி. பெர்கின்ஸ் எஞ்சின் வழி வந்த மூன்று சிலிண்டர்களில் குளிர்ந்த எஞ்சினுக்கு 12 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பது பழைய பாடம். உங்கள் வண்டிப் புத்தகத்தில் வேறு இருந்தால் அதுவே கணக்கு. பிறகு, எஞ்சின் ஓடும்போது எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கிருந்து புகை புஸ் புஸ் என்று வந்தால் ரிங்கும் லைனரும் போய்விட்டன. அப்போது எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். லைனர், பிஸ்டன், ரிங் செட்டாக மாற்றி, வால்வுகளை அரைத்து உட்காரவைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் யாராவது ‘ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் பவர் ஏறும்’ என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். மூன்றரை அங்குலத் துளையில் 30 தௌ கூட்டினால் கொள்ளளவு 1.7 சதவீதம் ஏறும். 35 குதிரையில் அது அரைக் குதிரை. குதிரையின் முன்னங்கால்கள் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது: தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகிறது என்று போகும்போதெல்லாம் நம் மெக்கானிக்குகள் முதலில் கழற்றி எறிவது இந்தச் சின்ன வால்வைத்தான். அது இல்லாத எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த சிலிண்டரில் டீசல் சரியாக எரியாது, லைனரும் சீக்கிரம் தேயும். சூட்டுக்கு நிஜக் காரணம் பெரும்பாலும் ரேடியேட்டரில்தான் இருக்கும். கோலார் மாவட்டத்து போர்வெல் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு கட்டாமல் என்ன செய்யும்? ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவி, மழைத்தண்ணீரோ சுத்திகரித்த தண்ணீரோ கூலன்ட்டோடு ஊற்றுங்கள். தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒரு நல்ல மெக்கானிக்கைச் சுற்று அளவியோடு கூப்பிட்டு, முழு ஆக்ஸிலேட்டரில் எஞ்சின் புத்தகத்தில் உள்ள சுற்றைத் தொடுகிறதா என்று பாருங்கள். கவர்னர் ஸ்பிரிங் தளர்ந்தால் தொடாது. தொடும்படி சரிசெய்வது வைத்தியம். அதற்கு மேல் ஏற்றுவது வம்பு. 2000 சுற்று எஞ்சினை 2400-க்கு ஏற்றினால் வேகம் 20 சதவீதம்தான் கூடுகிறது, ஆனால் கனெக்டிங் ராடை இழுக்கும் விசை 44 சதவீதம் கூடும். 540 சுற்றில் ஓட வேண்டிய பி.டி.ஓ. தண்டும், அதாவது பின்னால் கருவியைச் சுழற்றும் தண்டும், அதே விகிதத்தில் வேகமாகச் சுற்றும். பின்னால் மாட்டியிருக்கும் கருவி 540-க்குச் செய்தது. அதன் பிளேடு பறந்து வந்தால் யார் காலில் படும் என்று யோசியுங்கள்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். மாஸியின் பலம் ஒருபோதும் அதன் எஞ்சினில் மட்டும் இருந்ததில்லை.

ஹாரி பெர்குசன் என்ற வட அயர்லாந்துக்காரர் 1946-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டிஈ20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டரைச் செய்யத் தொடங்கினார். இருபது சொச்சம் குதிரை, ஒரு டன் சொச்சம் எடை. ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. அதைவிடப் பெரிய வண்டிகள் சேற்றில் சுழன்றுகொண்டிருந்த நிலத்தில் இது உழுதுவிட்டுப் போனது. சூட்சுமம் பின்னால் இருந்தது: மூன்று முனைகளில் கலப்பையைத் தாங்கும் இணைப்பும், கலப்பை எவ்வளவு கனமாக இழுபடுகிறது என்பதை மேல் கம்பி வழியாக உணர்ந்து தானாகக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும் ஹைட்ராலிக்கும். கலப்பை கடினமான மண்ணில் மாட்டும்போது அது அதைச் சற்றே தூக்கும். தூக்கும்போது கலப்பையின் கனமும் மண்ணின் இழுப்பும் பின்சக்கரத்தின் மேல் ஏறி உட்காரும். சக்கரம் மண்ணைக் கவ்வும். எங்கே எடை தேவையோ அங்கே, எப்போது தேவையோ அப்போது. 1953-ல் பெர்குசன் கம்பெனி கனடாவின் மாஸி ஹாரிஸோடு சேர்ந்தது. 1960-ல் சென்னையில் டாஃபே என்ற டிராக்டர் கம்பெனி அவர்களோடு கூட்டு வைத்துத் தொடங்கியது. உங்கள் தாத்தா வண்டியின் பின்புறத்தில் இருப்பது அந்தச் சொத்துதான்.

இருக்கைக்கு வலப்பக்கம் இரண்டு நெம்புகோல்கள் இருக்கும். ஒன்று கருவியை ஓர் உயரத்தில் நிறுத்துவதற்கு. மற்றது இழுவைக்கு ஏற்ப ஆழத்தைத் தானே சரிசெய்வதற்கு, அதைத்தான் டிராஃப்ட் கன்ட்ரோல் என்பார்கள். நான் பார்த்த பழைய மாஸிகளில் பாதிக்கு மேல் இரண்டாவது நெம்புகோல் துருப்பிடித்து அசையாமல் கிடக்கிறது. ஓட்டுகிறவர்களுக்கு அது எதற்கு என்றே தெரியாது. கலப்பையைக் கீழே இறக்கி அப்படியே விட்டுவிடுகிறார்கள். மண் இறுகின இடத்தில் வண்டி முனகுகிறது. பழி எஞ்சின்மேல் விழுகிறது. உங்கள் ஒன்பது கொத்து முனகலில் பாதி இங்கேதான் இருக்கும் என்று நான் பந்தயம் கட்டுவேன். நெம்புகோலை உயிர்ப்பியுங்கள். மேல் கம்பி மாட்டும் இடத்திலுள்ள பெரிய ஸ்பிரிங் கையால் ஆட்டினால் லொடலொடவென்று ஆடக்கூடாது. ஆடினால் சரிசெய்யச் சொல்லுங்கள். அதுதான் இந்த வண்டியின் நரம்பு.

சக்கரத்தை அளப்பது இன்னும் சுலபம். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிக்கொண்டு, சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றும் தூரத்தை வயலில் அளந்து குறியுங்கள். பிறகு கலப்பையை இறக்கி, அதே கியரில் பத்துச் சுற்று. முதலில் 40 மீட்டர், பிறகு 32 என்றால் சக்கரம் 20 சதவீதம் வழுக்குகிறது. எஞ்சின் சக்கரத்துக்கு அனுப்பியதில் ஐந்தில் ஒரு பங்கு மண்ணைத் தேய்த்துப் போகிறது. பதினைந்து சதவீதத்தைத் தாண்டவிடக்கூடாது. டயர் பட்டன் தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். பின்டயர்களில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புங்கள். ஒரு டயருக்கு நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், அவ்வளவும் இலவச எடை. பின்னால் எடை கூட்டினால் முன்பக்கமும் கொஞ்சம் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் மேட்டில் மூக்கைத் தூக்கும்.

ரோட்டாவேட்டர் கதை வேறு. அதற்கு இழுவை வேண்டாம், பி.டி.ஓ.வில் முறுக்கு வேண்டும். விளம்பரத்தில் போடும் 35 எஞ்சின் திறன், பி.டி.ஓ. தண்டில் கிடைப்பது அதில் பத்து, பதினைந்து சதவீதம் குறைவுதான். மத்தியப் பிரதேசம் புத்னியிலோ ஆந்திராவில் அனந்தபூர் பக்கத்துக் கார்லதின்னெயிலோ உள்ள மத்திய அரசின் பரிசோதனை நிலையங்களின் அறிக்கைகளில் இந்த பி.டி.ஓ. எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். டிராக்டர் வாங்கும் யாரும் அதைப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம். நீங்கள் ரோட்டாவேட்டரின் அகலத்தை எழுதவில்லை. 35 குதிரைக்கு நாலடி சரி. ஐந்தடிக்கு மேல் என்றால் விற்றவரிடமே திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். அளவு சரிதான் என்றால் பிளேடுகள் மழுங்கியிருக்கின்றனவா என்று பார்த்து, கீழ் கியரில் மெதுவாகப் போய், ஒரே மூச்சில் ஆறு அங்குலம் போகாமல் இரண்டு தடவையாக ஓட்டுங்கள். ஈரமண்ணில் இறக்கினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரும் விவசாயிக்கு மண் பதம் காத்திருக்காது, தெரியும். இருந்தாலும் களி மாதிரி ஒட்டும் மண்ணில் 50 குதிரை வண்டியும் அமுங்கும். ஒரு புதன்கிழமை கடையைப் பூட்டிவிட்டுப் போங்கள்.

டர்போவுக்குத் திரும்புவோம். மேட்டு நிலத்தில் குறைந்த காற்றை ஈடுகட்ட அது சரியான கருவி, மறுக்கவில்லை. ஆனால் தொழிற்சாலையில் டர்போ வைக்கும்போது கூடவே பிஸ்டன் மாறும், அதை அடியிலிருந்து குளிர்விக்க எண்ணெய்ப் பீச்சுகள் வரும், ஹெட் கேஸ்கட் மாறும், ரேடியேட்டர் பெரிதாகும், கிளட்ச் கனமாகும். பாய் இவற்றில் எதையும் மாற்றப்போவதில்லை. 35 குதிரைக்குச் செய்த கியர் பற்களும் பின் ஆக்ஸிலும் 50 குதிரையைச் சில மாதம் தாங்கும். பிறகு உடைவது எஞ்சினாக இருக்காது. எஞ்சினைவிட விலையான இடமாக இருக்கும். பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களைச் சங்கிலியில் கட்டி இழுபறி விடும் ‘டோச்சன்’ போட்டிக்காக இப்படி ஏற்றிய வண்டிகள் உண்டு. அவர்கள் போட்டிக்காக உடைக்கிறார்கள், நீங்கள் ராகிக்காக உடைக்க வேண்டாம். 2023 அக்டோபரில் குர்தாஸ்பூர் மாவட்டத்தில் டிராக்டர் சாகசம் செய்த இளைஞர் ஒருவர் இறந்தபிறகு அந்த மாநில அரசே டிராக்டர் சாகசங்களுக்குத் தடை போட்டது.

சட்டமும் இருக்கிறது. கம்பெனி குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக்கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதி செய்திருக்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. முன்னால் நிறுத்த வேண்டும். கரும்புகையோடும் கார் டர்போவோடும் நிறுத்தினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான்.

பாயைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். இந்த வண்டிக்கு அவரிடம் வாங்க நிறைய இருக்கிறது: முன்பக்க எடைகள், நல்ல ரிம், ரேடியேட்டரின் மேல் டேங்க், ஸ்டியரிங் பாகங்கள், துருப்பிடிக்காத டீசல் டேங்க், மேல் கம்பி. இரும்பு இரும்புதான், கழற்றியதாக இருந்தாலும் பரவாயில்லை. நாசில், பம்ப் எலிமென்ட், பேரிங், கேஸ்கட் இவற்றை மட்டும் பழையது வாங்காதீர்கள். புதிதாக, பில் போட்டு வாங்குங்கள். நாசிலின் அடியில் இருக்கும் செப்பு வாஷரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகு உங்களுக்கு 34, 35 குதிரை திரும்பக் கிடைக்கும். 50 கிடைக்காது. ஆறு ஏக்கருக்கு 50 தேவையும் இல்லை. வருஷத்தில் இரண்டு நாள் ஆழ உழ வேண்டியிருந்தால் பெரிய வண்டி ஒன்றை மணிக்கணக்கில் வாடகைக்குப் பிடியுங்கள், டர்போவைவிட மலிவு.

ராகி விதைப்புக்கு முன் அந்தப் பத்துச் சுற்றை அளந்து, ரோட்டாவேட்டரின் அகலத்தையும் சேர்த்து எழுதுங்கள். ஒரு மணி நேர டீசல் கணக்கையும் மறக்காதீர்கள். அந்த மூன்று எண்ணும் கையில் இருந்தால் அடுத்த பதில் இதில் கால்வாசி நீளத்தில் முடிந்துவிடும்.